மச்சத்தைக்கூட எடுக்க மாட்டோம்

விசா போட்டோ எடுப்பதில் ஸ்டுடியோக்காரரை அடித்துக்கொள்ள அந்தத் தெருவில் ஆளில்லை. எந்த நாட்டுக்கு என்ன அளவு, எதற்குப் பின்புறம் வெள்ளை, எதற்கு வெளிர்சாம்பல், காது தெரிய வேண்டுமா, கண்ணாடி போடலாமா என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. எதிர்ச்சாரியில் இருந்த விசா அலுவலகத்தில் போட்டோ சரியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நேராக இவருடைய மாடிப்படியைத்தான் ஏறுவார்கள். "சிரிக்காதீங்க. அதெல்லாம் அங்க போய்ச் சிரிச்சுக்கலாம்" என்பார். அதற்கே பாதிப் பேர் சிரித்துவிடுவார்கள். அலுத்துக்கொள்ளாமல் மறுபடி எடுப்பார்.

கல்யாண ஆல்பம் என்றால் அவர் கை சும்மா இருக்காது. முகப்பரு மறையும், இரட்டை மோவாய் ஒற்றையாகும், மாமியாரும் மருமகளும் கூடப்பிறந்தவர்கள்போல ஆகிவிடுவார்கள். ஆனால் விசா போட்டோவில் ஒரு புள்ளியைத் தொட மாட்டார். தொட்டால் அங்கே இருக்கிற கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடும், ஒருவருடைய பயணமே நின்றுபோகும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் வாசலிலேயே பலகை எழுதி மாட்டியிருந்தார்: "விசா படங்களில் மச்சத்தைக்கூட எடுக்க மாட்டோம். வற்புறுத்த வேண்டாம்."

அப்பேர்ப்பட்டவருடைய சொந்த மகளின் போட்டோதான் திரும்பி வந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிவிட்டுப் போகலாம். சறுக்கியது அடிதானா என்பதில்தான் சிக்கல்.

அவருக்கு இரண்டு பெண்கள். பெரியவள் இப்போது இல்லை. உளவியல் படிக்க வெளிநாட்டில் இடம் கிடைத்து, துணிமணி வாங்கி, பெட்டியும் கட்டி வைத்த பிறகு அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. எல்லார் வீட்டிலும் வருகிற காய்ச்சல்தானே என்று மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தார்கள். அது மூளைக்குப் போகிற காய்ச்சல் என்று டாக்டர் சொன்னபோது, அவளுக்கு எதிரில் நிற்பவர்களையே அடையாளம் தெரியவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் அவள் முடிந்துபோனாள். சின்னவள் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

இன்று அவளுக்கும் அக்காவின் அந்த வயது வந்துவிட்டது.

வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் "அக்காவை அப்படியே உரிச்சு வச்சிருக்கா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சொல்கிறவர்கள் வாயை யார் மூடுவது? உண்மையில் இரண்டு பேருக்கும் அவ்வளவு ஒற்றுமை கிடையாது. பெரியவளுக்கு ஒடுங்கிய முகம், கீழுதட்டுக்குக் கீழே ஒரு மச்சம், எதையோ கேட்கிற மாதிரி சற்றே தூக்கிய இடது புருவம். சின்னவளுக்குக் கன்னம் உருண்டை. சின்ன வயதில் பீரோ கதவில் இடித்துக்கொண்டதில் வலது புருவம் நடுவில் அறுந்து, அந்த இடத்தில் முடி முளைக்காமலே போய்விட்டது. ஆனால் தொலைத்ததைத் தேடுகிறவர்களுக்குக் கையில் அகப்பட்டதெல்லாம் அதுவாகத்தான் தெரியும்.

ஒருநாள் அம்மா வாய்தவறி, "பெரியவளே, டீ ஆறுது பாரு" என்று கூப்பிட்டாள். திருத்தினால் அழுதுவிடுவாளே என்று பயந்து சின்னவள், "இதோ வர்றேம்மா" என்றாள். ஒரு வார்த்தைதானே என்று நினைத்தாள் பாவம். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்த பெரியவள் பிறகு வெளியே போகவில்லை. அக்காவின் சட்டைகள் சின்னவளுக்கு வந்தன. அக்காவின் கண்ணாடிச் சட்டத்திலேயே இவளுடைய பவருக்குக் கண்ணாடி மாட்டிக் கொடுத்தார்கள். அக்கா சிரிக்கும்போது கீழுதட்டை லேசாகக் கடித்துக்கொள்வாள். இவளும் அப்படியே சிரித்துப் பார்த்தாள். அம்மாவின் முகம் மலர்ந்தது. வீட்டில் ஒருத்தருக்காவது மலர்கிறதே என்று அதையே பழக்கமாக்கிக்கொண்டாள்.

படுக்கை அறையில் இரண்டு கட்டில்களும் இன்னும் கிடந்தன. பெரியவளின் கட்டிலுக்கு மேலே, அவள் சேரவிருந்த பல்கலைக்கழகத்தின் படம் ஒட்டியிருந்தது. ஒரு பெரிய ஏரி, கரையில் செங்கல் கட்டடம், புல்வெளியில் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைகள். சின்னவள் அந்தப் படத்தைப் பார்த்தே வளர்ந்தாள். ஏரியைச் சுற்றி எந்தப் பாதை எங்கே திரும்பும் என்றுகூட அவளுக்குத் தெரிகிற மாதிரி இருக்கும். படத்தில் திரும்புகிற பாதையே கிடையாது என்பதை ஒருநாள்தான் கவனித்தாள். சில சமயம் பக்கத்துக் கட்டில் முனகும். மரச்சாமான் என்றால் முனகத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அந்தப் பக்கம் திரும்பாமல் உடை மாற்றிக்கொண்டு வெளியே வந்துவிடுவாள்.

அவளும் உளவியல் படிக்கப் போகிறாள் என்றபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. அந்த ஏரிக்கரைக்குத்தான் போகப்போகிறாளா என்று அவளிடம் யாரும் கேட்கவும் இல்லை.

வெளிநாட்டுப் படிப்புக்கு ஆலோசனை சொல்கிறவர் விசா அலுவலகத்துக்கு அடுத்த கட்டடத்தில் இருந்தார். பிள்ளைகள் அவருக்கு 'ரன்வே' என்று பெயர் வைத்திருந்தார்கள். பேச ஆரம்பித்தால் தரையிலேயே வெகுதூரம் ஓடுவார். எப்போது மேலே கிளம்புவார் என்று ஒருவருக்கும் தெரியாது. மேஜையில் ஒரு பூமிப்பந்து இருந்தது. பேசும்போது அதை விரலால் சுற்றிக்கொண்டே இருப்பதால், பல நாடுகள் அதில் தேய்ந்து வெளுத்துப் போயிருந்தன.

"ரெண்டு எடத்துல கூப்பிட்டிருக்காங்க. அதிர்ஷ்டக்காரிம்மா நீ" என்று ரன்வே ஓட ஆரம்பித்தார். "ஒண்ணு ஏரிக்கரை. பேரு பெரிய பேரு. குழந்தைங்க மனசைப் பத்திப் படிக்கணும்னா அதை விட்டா வேற எடமில்லே. இன்னொண்ணு அந்தத் துறைமுக ஊரு. நான் சொன்னேன்னு சும்மா ஒரு துணைக்குப் போட்டோமே, அது. சின்ன எடம். வருஷம் பூரா மழை. ஆனா வாத்தியாருங்க கெட்டிக்காரங்க. ஒருத்தரை ஒருத்தர் எப்படி அடையாளம் கண்டுபிடிக்கறோம், பார்த்த முகம் எப்படி மறக்குது, மறந்த முகம் எப்படித் திரும்பி வருதுன்னு அதுக்குன்னே தனியா ஒரு ஆய்வுக்கூடம் வச்சிருக்காங்க. இந்த வாரத்துக்குள்ள ரெண்டுல ஒண்ணுக்குச் சரின்னு சொல்லணும். எதுன்னு முடிவு பண்ணிட்டியா?"

"ஏரிக்கரைதான் சார்."

"ஏன்னு கேட்டா என்ன சொல்லுவே? கேப்பாங்க."

"பேசாத குழந்தைங்க நிறைய இருக்காங்க சார். அவங்களுக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமில்லேன்னு நாம நினைக்கறோம். கேக்கத் தெரிஞ்சவங்க பக்கத்துல இல்லே, அவ்வளவுதான்."

ரன்வே பூமிப்பந்தை நிறுத்தினார். "பிரமாதம். மனப்பாடம் பண்ணின மாதிரி தடங்கலே இல்லாம வருதே!"

சின்னவளுக்குக் காது சுட்டது. அவள் மனப்பாடம் பண்ணவில்லை. ஆனால் அந்த வாக்கியத்தை எங்கே கேட்டோம் என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. பக்கத்துக் கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி பெரியவள் சொன்னது அது. சொல்லிவிட்டு, "எப்படிடி இருக்கு? இன்டர்வியூல இதை எடுத்து விடலாமா?" என்று கேட்டாள். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. தன் வாயில் உட்கார்ந்துகொண்டு பேசியது யார் என்று சின்னவளுக்கே திகைப்பாக இருந்தது.

அதற்குள் ரன்வே கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்து, ஏரிக்கரையின் இணையப் பக்கத்தைத் திறந்து அவளுடைய போட்டோவை ஏற்றினார். அப்பா எடுத்த போட்டோ. சக்கரம் சுற்றியது. பாஸ்போர்ட்டில் இருக்கும் முகமும் இந்த முகமும் பொருந்தவில்லை என்று சிவப்பில் பதில் வந்தது. இன்னொரு முறை ஏற்றினார். அதே சிவப்பு.

"அப்பா எடுத்ததுன்னுதானே சொன்னே? அவர் படமா திரும்பி வருது? என் சர்வீஸ்ல பார்த்ததில்லையே." ரன்வே இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கினார். பாஸ்போர்ட் படம் பாஸ்போர்ட் அலுவலகத்துக் கேமராவிலேயே எடுத்தது. அதில் அப்பாவின் கை படவில்லை. ரன்வே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "உதட்டுக்குக் கீழே உனக்கு மச்சம் இருக்காம்மா?"

"இல்லையே சார்."

"படத்துல இருக்கே." திரையில் தூசி என்று நினைத்துக் கைக்குட்டையால் தேய்த்தார். அது போகவில்லை. "புருவம்கூட முழுசா இருக்கு. கன்னம் வேற மாதிரி... அப்பா வேற யாரு படத்தையோ மாத்தி அனுப்பிட்டாருன்னு நினைக்கறேன். உங்க சொந்தக்காரப் பொண்ணா இது? ஜாடை இருக்கு."

ரன்வே பெரியவளைப் பார்த்ததே இல்லை.

சின்னவள் திரையைப் பார்த்தாள். அங்கே அக்கா இருந்தாள். செத்துப்போனபோது இருந்த அக்கா இல்லை. சாகாமல் இருந்திருந்தால், இப்போது இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தால் எப்படி இருப்பாளோ அந்த அக்கா. இடது புருவத்தைத் தூக்கிக்கொண்டு இவளையே பார்த்தாள். அவள் போட்டிருந்தது சின்னவளின் நீலச் சட்டை. வீட்டில் இவளுக்கென்று புதிதாக வாங்கிய ஒரே சட்டை அதுதான். அதையும் அவள் எடுத்துப் போட்டுக்கொண்டுவிட்டாள் என்றுதான் சின்னவளுக்கு முதலில் தோன்றியது. ரன்வே தண்ணீர் எடுத்துக் கொடுத்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

ஸ்டுடியோவில் பெஞ்சு நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள். அம்மா கவுன்டரில் நின்று, அச்சான படங்களைக் கட்டரில் வெட்டி உறையில் போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா உள்ளே கம்ப்யூட்டரில் இருந்தார். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, பேப்பர் சப்ளை செய்கிறவனோடு சண்டை போட்டபடியே, வலது கையால் யாருடைய பின்புறத்தையோ வெளுத்துக்கொண்டிருந்தார். அவருடைய கைக்குத் தனியாக மூளை உண்டு என்று அம்மா கேலி செய்வாள். அது இவ்வளவு நிஜம் என்று அவளும் நினைத்திருக்க மாட்டாள்.

"அப்பா, என் போட்டோவைத் திருப்பி அனுப்பிட்டாங்க."

"என் போட்டோவையா?" அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. போனை வைத்தார். "அவங்க மெஷின்ல கோளாறா இருக்கும். எடு பார்ப்போம்." படத்தைத் திரையில் கொண்டுவந்தார். பார்த்தார். "வெள்ளை சரியா இருக்கு. தலை அளவு சரியா இருக்கு. நான் வேற ஒண்ணும் தொடலியே. நல்லாத்தானே இருக்கு? உன்னை மாதிரியேதானே இருக்கு?"

அவர் விளையாடவில்லை. அதுதான் அவளைக் கலக்கியது.

"அப்பா, எனக்கு மச்சம் இருக்கா?"

"என்ன கேள்வி இது? இருக்கே, உதட்டுக்குக் கீழே."

"என்னைப் பார்த்துச் சொல்லுங்க."

அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். ஒரு நாளைக்கு ஊர் முகத்தையெல்லாம் பார்க்கிற கண். ஒரு காது மற்றதைவிடத் தாழ்ந்திருந்தால் தூரத்திலிருந்தே சொல்லிவிடுகிற கண். அந்தக் கண்ணால் அவளை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இதோ இருக்கே."

அவள் அவருடைய விரலைப் பிடித்துத் தன் உதட்டுக்குக் கீழே வைத்தாள். "எங்கேப்பா?"

விரல் அங்கே தடவியது. மறுபடி தடவியது. அவருடைய முகம் பேயறைந்த மாதிரி வெளிறிப்போனது. வெளியே பெஞ்சிலிருந்து ஒருவர், "சார், அங்க கதவை மூடிருவாங்க, கொஞ்சம் சீக்கிரம்" என்று குரல் கொடுத்தார். அவர் விரலை எடுக்கவில்லை.

"எனக்கு அப்பவே தெரியும்."

அம்மா கட்டரை விட்டுவிட்டு வாசலில் வந்து நின்றிருந்தாள். கைப்பையைத் திறந்து, உள்ளறையிலிருந்து ஒரு படத்தை எடுத்தாள். நேற்று அச்சானதை வெட்டும்போதே ஒன்றைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். "வெட்டும்போதே பார்த்தேன். என் பொண்ணு வந்திருக்கான்னு எடுத்து வச்சுக்கிட்டேன். சொன்னா நீங்க அழிச்சுருவீங்க. உங்க ரெண்டு பேருக்கும் என்ன, அவ இருந்தாத்தான் தொந்தரவு."

"அம்மா, அது நான்மா."

"நீ எங்கேடி போயிடப் போறே? நீதான் இருக்கியே" என்றாள் அம்மா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அந்தப் படம் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு ஏறியது. பெரியவளின் பழைய படங்கள் எத்தனையோ இருந்தன. ஆனால் அவளுக்குத் தன் மச்சத்தைக் கண்டாலே ஆகாது. "அப்பா, அதை எடுத்துடுங்க, ஈ உட்கார்ந்த மாதிரி இருக்கு" என்று ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் நின்று எடுக்க வைத்தாள். போனில் யாராவது எடுத்தால்கூட அதையும் வாங்கி அப்பாவிடம் கொடுத்துச் சரிசெய்துவிடுவாள். அப்பாவும் மகள் கேட்டாளே என்று பல் வரிசையையும் சேர்த்துச் சரிசெய்து கொடுத்தார். அவர் கை படாத பாஸ்போர்ட்டும் விசா படமும் அவளோடேயே போய்விட்டன, கடையில் இருந்த பிரதி பழைய கம்ப்யூட்டரோடு போனது. ஆக, பெரியவள் பெரியவளாகவே இருக்கிற படம் உலகத்திலேயே ஒன்றுதான். அதையும் சின்னவளின் முகத்தின்மேல்தான் வரைய வேண்டியிருந்தது.

அம்மா அந்தப் படத்தோடு பேச ஆரம்பித்தாள். காலையில் கடைக்குக் கிளம்பும்போது போய்வருவதாகச் சொல்வாள். வந்ததும் அன்றைக்கு வந்த ஆட்களைப் பற்றி அதனிடம் கேலி பேசுவாள். அவள் அவ்வளவு கலகலப்பாக இருந்து பல காலம் ஆகிவிட்டிருந்தது. சின்னவள் சமையலறையில் நின்று அதைக் கேட்டாள். வீட்டில் தன் படம் என்று ஒன்றுகூடத் தனியாக இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. இருக்கிற ஒன்றும் அக்காவாகிவிட்டது.

அந்த ஏரிக்கரைக்குப் போனால் திரும்பி வரப்போவது யார் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அக்காவின் கட்டடத்தில், அக்காவின் வாக்கியத்தைச் சொல்லி, அக்காவின் பட்டத்தை வாங்கிக்கொண்டு, பெரியவள்தான் வருவாள். சின்னவள் என்று ஒருத்தி எந்தக் காய்ச்சலும் வராமலே போய்ச் சேர்ந்திருப்பாள்.

கெடு முடிய இருந்த அன்று, மூவரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது சொன்னாள். "நான் ஏரிக்கரைக்குப் போகலே. துறைமுகத்துக்குப் போறேன்."

அம்மா தட்டைத் தள்ளிவிட்டாள். "அவ ஆசைப்பட்ட எடம்டி அது."

"அவ ஆசைப்பட்டாம்மா. நான் ஆசைப்படலே."

"சாகற அன்னிக்குக்கூட அதைத்தான் முணுமுணுத்தா. அந்த ஒரு ஆசையைக்கூட நீ கொண்டுபோக மாட்டியா? உன் காலோட அவ காலும் அந்த மண்ணுல படட்டுமேன்னுதானே நான் உன்னை அனுப்பவே சம்மதிச்சேன்!"

கடைசியில் வாயைவிட்டு வந்துவிட்டது. சின்னவளுக்கு அழுகை முட்டியது. ஆனால் அழுதால் அக்கா மாதிரி அழுதுவிடுவோமோ என்று பயமாக இருந்தது, அடக்கிக்கொண்டாள்.

"அப்பாவுக்கு ஊர்ல இருக்கற அத்தனை பேரு முகமும் தெரியுது. என் முகம் தெரியலே. பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இல்லாத மச்சத்தை இருக்குன்னு சொல்றார். அது எப்படின்னு எனக்குத் தெரியணும்மா. அவரைக் குத்தம் சொல்லலே. அது எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சுக்காம என்னால வேற எதையும் படிக்க முடியாது. அங்கே அதைத்தான் படிக்கறாங்க." மூச்சு வாங்கியது. தன் வாழ்நாளில் தன் வாயால் தானே பேசிய முதல் பேச்சு இது என்று அவளுக்குத் தோன்றியது. "அக்கா போகாத எடத்துக்கு ஒரு தடவை நான் போய்ப் பார்க்கறேனே."

அம்மா எழுந்துபோய்ப் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டாள். அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கை கழுவ எழுந்திருக்கும்போது, "நாளைக்குக் கடைக்கு வா. வேற படம் எடுத்துத் தர்றேன்" என்றார்.

மறுநாள் மத்தியானம், கூட்டம் கூடுகிற நேரத்தில், ஸ்டுடியோவின் ஷட்டர் பாதி இறங்கியது. அந்த நேரத்தில் அது இறங்கி யாரும் பார்த்ததில்லை. சின்னவளை ஸ்டூலில் உட்காரவைத்து அப்பா விளக்கைச் சரிசெய்தார். கேமராவில் கண்ணை வைத்தார். எடுத்தார். ஒரு படத்தைக் கண் சிமிட்டுகிற நேரத்தில் எடுக்கிறவர், எடுத்த பிறகும் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"புருவத்துல இது எப்போ?"

"பீரோ கதவு இடிச்சுதுப்பா. நீங்கதான் என்னைத் தூக்கிக்கிட்டு ஓடினீங்க. தையல் போடும்போது நீங்க மயக்கம் போட்டு விழுந்தீங்க."

"ஆமா" என்றார். "ஆமா, விழுந்தேன். எனக்கும் சேர்த்து ஊசி போட்டாங்க." சிரிப்பு வரப் பார்த்தது. "உன் நெத்தி எங்கம்மா நெத்தி மாதிரி அகலம். இதை நான் பார்த்ததே இல்லியே." கேமராவிலிருந்து தலையை எடுத்து நேராகப் பார்த்தார், மறுபடி கேமராவில் பார்த்தார். "கண்ணுல லேசா பழுப்பு அடிக்குது. காது சின்னது. ஏம்மா, நீ இவ்வளவு நாளா இங்கேயா இருந்தே?"

"இங்கேதாம்ப்பா இருந்தேன்."

அப்பா அழுதார். ஒளிக்கவில்லை, கேமராவைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே அழுதார். சின்னவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் அழுகிறாரே என்று இருந்த துக்கத்துக்கு அடியில், வெட்கம்கெட்ட சந்தோஷம். அந்தப் படத்தில் அவர் எதையும் தொடவில்லை. எதிரே இருந்த கம்ப்யூட்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எடுத்தது எடுத்தபடியே கொடுத்துவிட்டார். துறைமுகத்துப் பல்கலைக்கழகம் முதல் தடவையிலேயே ஏற்றுக்கொண்டது. விசாவும் வந்தது. ரன்வே, தானே பறக்கப்போவதுபோலக் குதித்தார்.

அதற்குப் பிறகு வீட்டில் ஏதோ மாறியது. பக்கத்துக் கட்டில் முனகுவது நின்றுவிட்டது. சின்னவள் அறைக்குள் போனால் அது வெறும் அறையாக இருந்தது. நிம்மதியாகத்தான் இருக்க வேண்டும். அவளுக்கு என்னவோ யாரையோ வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்ட மாதிரி இருந்தது. ஒருநாள் வேண்டுமென்றே அந்தக் கட்டிலில் போய் உட்கார்ந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. அம்மா மட்டும் முன்பைவிடத் தெளிவாக இருந்தாள். "நீ போயிட்டு வா. எனக்கென்ன, பெரியவ என்கூட இருக்கா" என்று சொல்லிக்கொண்டே துணிகளை மடித்துக் கொடுத்தாள். அனுப்பமாட்டேன் என்று அழுதிருந்தால்கூடத் தேவலை என்று சின்னவளுக்கு இருந்தது.

அப்பாதான் சரியாக இல்லை. கூடத்தில் அந்தப் படத்துக்கு முன்னால் போய் நிற்பார். கிட்டே போய்ப் பார்ப்பார், தள்ளி நின்று பார்ப்பார், விளக்கைப் போட்டுப் பார்ப்பார். பழைய ஆல்பங்களையெல்லாம் இறக்கிப் பரப்பினார். கடையில் ஆட்கள் காத்திருக்க, வேலை ஓடாமல் உட்கார்ந்திருந்தார். ஒருவருக்கு அளவே மாற்றி எடுத்துக் கொடுத்துவிட்டார் என்று தெருவே பேசியது.

கிளம்புகிற அன்று, பெட்டிகள் வாசலுக்குப் போன பிறகு, அவர் சின்னவளைத் தனியாக அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அந்தப் படத்துல அவ இல்லம்மா" என்றார். "உங்கம்மாவுக்குத் தெரியறா. எனக்குத் தெரியலே. உன் முகத்துல நான் ஒரு புள்ளி வச்சிருக்கேன், அவ்வளவுதான் தெரியுது."

"பழைய படம் அத்தனை இருக்கேப்பா."

"ஒண்ணுலகூட அவ இல்லே. எல்லாத்தையும் நான் தொட்டிருக்கேன். பல்லு, மச்சம், கன்னம்... யாரோ ஒரு அழகான பொண்ணு இருக்கா, அவ்வளவுதான்." அவர் கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தார். "உன்னைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் அவளை வச்சுக்கிட்டிருந்தேன்னு எனக்கே தெரியாதும்மா. அன்னிக்குக் கடையில உன் முகம் தெரிஞ்சுது. அன்னையிலேருந்து அவ வரமாட்டேங்கறா. கண்ணை மூடினாலும் வரலே. நானும் எல்லாம் செஞ்சு பார்த்துட்டேன்."

என் முகத்தைப் பாருங்கள் என்று கேட்டவள் சின்னவள்தான். அதற்கு இதுதான் விலை என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

"ஒரே ஒரு தடவை" என்றார் அப்பா. அவரைப் பார்க்கவே முடியவில்லை. பெற்ற மகளிடம் கையேந்துகிற மாதிரி நின்றார். "அவ சிரிப்பா இல்லே, உதட்டைக் கடிச்சுக்கிட்டு? நீகூடச் சிரிப்பியே. ஒரு தடவை அந்த மாதிரி சிரிச்சுக் காட்டிட்டுப் போம்மா. பார்த்து வச்சுக்கறேன்."

அவள் மறுக்கவில்லை. வருஷக்கணக்காக வீட்டில் சிரித்த சிரிப்புதானே என்று நினைத்தாள். கீழுதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். ஏதோ சரியாக வரவில்லை என்று அவளுக்கே தெரிந்தது. இடது புருவத்தைத் தூக்கிக்கொண்டு இன்னொரு முறை சிரித்தாள். கன்னத்தை உள்ளே இழுத்துக்கொண்டாள். அக்கா எப்படிச் சிரிப்பாள்? முதலில் கண் சுருங்குமா, உதடு அசையுமா? அவளுக்கும் ஞாபகம் வரவில்லை.

அப்பா கிட்டே வந்து, அவள் முகத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, தொழிலில் பார்ப்பதுபோலக் கவனமாகப் பார்த்தார்.

"இல்லம்மா" என்றார். "இது நீ."

வாசலில் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஒரு தடவை முயன்றாள்.